சங்கீதங்களில் இறைப்பற்றும் அறச்சினமும்

சினத்தைப் பற்றித் தமிழர் ஒரே கருத்துக் கொண்டிருந்தனர் என்று கூறுதல் இயலாது. வெகுளாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, சினம் தன்னைக் கொண்டவனையே கொல்லும் என்று எச்சரித்தவர் வள்ளுவர். அவரே கொடுங்கோன்மையைப் பற்றிப் பேசுமிடத்து, துன்பம் தாங்காது குடிகள் சிந்தும் கண்ணீர் அரசனுடைய செல்வத்தைத் தேய்க்கும் படை என்கிறார். அக்கண்ணீர் வெறும் அழுகையன்று. அதனுள் ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு கனல் இருக்கிறது. இளங்கோவடிகள் படைத்த கண்ணகியும் சினந்தாள். ஆயினும் மதுரையை எரிக்கப் புகுந்த நெருப்பு அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் தீண்டலாகாது என்று அவள் எல்லை வகுத்தாள். ஆகவே சினம் தீது என்பதும், சினங்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு என்பதும் தமிழ் மரபில் அருகருகே நிற்கின்றன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும் மற்றொரு பழைய நூல் விவிலியத்தின் சங்கீதப் புத்தகம். நூற்றைம்பது பாடல்கள் கொண்ட அந்நூல் யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவான செபநூலாகும். புகழ்ச்சியும் நன்றியும் அதில் நிறைந்துள்ளன. ஆறுதல் வேண்டுவோர் அதனைத் தேடிச் செல்வர். ஆனால் அமைதியை நாடி அதனைத் திறப்பவர், சில பக்கங்களில் திடுக்கிட்டு நின்றுவிடுவதும் உண்டு. பகைவரின் பற்களை நொறுக்குமாறு கடவுளை வேண்டும் பாடல் அங்கே இருக்கிறது. கொடியவனின் பிள்ளைகள் திக்கற்றவராக அலையவேண்டும் என்று சபிக்கும் பாடலும் இருக்கிறது. பாபிலோனின் ஆற்றங்கரையில் அழுதிருந்த அடிமைகள் தம் நாட்டை அழித்த நகரத்தின் மீது இட்ட சாபம் கேட்போரின் நெஞ்சை நடுங்கச் செய்வது. பகைவரையும் நேசிக்கச் சொன்ன சமயத்தின் ஆலயத்தில் இவை எவ்வாறு இடம் பெற்றன? இவற்றை வாய்விட்டு ஓதுவது முறையா?

இவ்வினா வேத பண்டிதர்களுக்கு மட்டும் உரியதன்று. சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி மாவட்டத்திலுள்ள நிவித்திகல போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் மக்களுக்கு இது வாழ்க்கையோடு ஒட்டிய வினாவாகும். தேயிலையும் இறப்பரும் கலந்து வளரும் நிலம் அது. மண்ணுக்கடியில் மாணிக்கக் கற்கள் கிடைக்கும் நாடும் அதுவே. மழை மிகுந்த அப்பகுதியில் காலையில் வானம் இருண்டுவிட்டால் பால்வெட்டு நின்றுவிடும். வெட்டு நின்றால் கூலியும் நிற்கும். கொழுந்து குறித்த நிறைக்கு எட்டாவிடில் அன்றைய உழைப்பு அரைப்பேராகக் குறுகிவிடும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தோட்டங்கள் தொடர்ந்து கிடப்பதனால் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகச் சேர்ந்து வாழ்கின்றனர். சப்ரகமுவவிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. லயங்களில் வாழும் குடும்பங்களிற் பெரும்பாலானவை மாரியம்மனை வழிபடுவன. அவற்றின் நடுவே சிறு தொகையினராகக் கிறிஸ்தவக் குடும்பங்களும் உள்ளன.

கோப்பிக் காலத்திலேயே, 1854ஆம் ஆண்டில், தோட்டத் தமிழருக்கென ஒரு மிஷன் இலங்கையில் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந் தோட்டமாக நடந்து சென்று போதித்தனர். அவர்களோடு தமிழ் வேதாகமமும் வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய மொழிபெயர்ப்புப் பணி, பின்பு பப்ரிசியசின் கையில் செப்பமுற்றது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. பவர் என்பவரின் தலைமையில் அமைந்த குழுவின் திருத்திய மொழிபெயர்ப்பு 1871இல் முழுமை பெற்றது. இவ்வாறு தமிழுருப் பெற்ற சங்கீதங்களே லயத்துச் செபக்கூட்டங்களிலும் சிறு ஆலயங்களிலும் ஒலித்தன. எழுத்தறியாதவரும் செவிவழியாகக் கேட்டு அவற்றை நெஞ்சில் பதித்தனர்.

அம்மக்கள் கண்ட அநீதிகள் சிறியனவல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் முடிவுசெய்யப்படுவதற்கென ஒத்திவைக்கப்பட்டது. ஓர் உடன்பிறப்பு அக்கரைக்கும் மற்றோர் உடன்பிறப்பு இக்கரைக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1977இலும் 1981இலும் 1983இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் சிலவற்றில் லயங்கள் தாக்கப்பட்டு, குடும்பங்கள் அகதிகளாக வெளியேறின. வன்னிக்குச் சென்று காடு திருத்திக் குடியேறியவர் பலர். வேர் பறிக்கப்பட்ட அத்தகைய மனிதன் ஒருவன் ஆலயத்தில் முழந்தாளிடும்போது, அவன் நெஞ்சிலுள்ள சினத்தை எங்கே வைப்பது? வாசலில் களைந்த செருப்போடு அதனையும் வைத்துவிட்டு உள்ளே வரவேண்டுமா? அல்லது அதனையும் சுமந்துகொண்டே இறைவன் முன் நிற்கலாமா?

வாசலிலேயே வைத்துவிடுவது நன்று என்று எண்ணிய பெரியோர் உளர். மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையான ஜோன் வெஸ்லி, 1784ஆம் ஆண்டில் வட அமெரிக்கச் சபையாருக்கு ஒரு வழிபாட்டு நூலைத் தொகுத்தபோது, கிறிஸ்தவ சபையின் நாவுக்கு ஏலாதன என்று தாம் கருதிய சங்கீதப் பகுதிகளை அதிற் சேர்க்காது விட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், 1971இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையிலும் 58, 83, 109 என்னும் மூன்று சங்கீதங்கள் முழுமையாகவே விடப்பட்டன. வேறு சிலவற்றிலிருந்து சில அடிகள் நீக்கப்பட்டன. பொருள் விளங்காது ஓதுவோர் இடறிவிடக்கூடும் என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். எனினும், நூலிலிருந்து நீக்கிவிட்டால் நெஞ்சிலிருந்தும் நீங்கிவிடுமா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

இச்சினத்தைப் புரிந்துகொள்ளுதற்கு முதலில் அதன் ஊற்றைக் காணவேண்டும். அந்த ஊற்று இறைவன்பாற் கொண்ட பற்றுறுதியே. எபிரேய மொழியில் ஹெசெத் என்றொரு சொல் உண்டு. தமிழ் வேதாகமத்தில் அது கிருபை என்றும் பேரன்பு என்றும் வழங்குகிறது. ஆனால் அச்சொல் வெறும் இரக்கத்தை மட்டும் குறிப்பதன்று. உடன்படிக்கை செய்துகொண்ட இருவர், எது நேரினும் ஒருவரையொருவர் கைவிடாத உறுதியையே அது குறிக்கும். 136ஆம் சங்கீதத்தின் இருபத்தாறு வசனங்களிலும் இச்சொல் தவறாது திரும்பத் திரும்ப வருகிறது. இறைவன் தன் சொல் தவறாதவர். ஆகவே அவரை நம்பியவனும் தவறலாகாது. சங்கீதங்கள் அனைத்திற்கும் அடித்தளம் இதுவே.

இந்த உறுதி இன்பத்தில் மட்டும் விளங்குவதன்று. 44ஆம் சங்கீதம் இதற்குச் சான்று. உம்மை மறவாதிருந்தும், உம் வழியினின்று விலகாதிருந்தும் இத்துணைத் துன்பம் ஏன் என்று அங்கே ஒரு சமூகம் கடவுளையே வினவுகிறது. உறங்குகிறீரா, எழுந்தருளும் என்று அவரைத் தட்டி எழுப்புகிறது. பற்று இல்லாதவன் இவ்வாறு வழக்காடான், எழுந்து போய்விடுவான். கண்ணொளி இழந்த சுந்தரமூர்த்தி நாயனார், தம் இறைவனிடமே சினந்து உரிமையோடு வாதாடியதைத் தமிழர் பக்தியின் குறைவாகக் கருதியதில்லை. பக்தியின் நெருக்கமாகவே கருதினர். சங்கீதக்காரனின் வழக்கும் அவ்வகையினதே.

இவ்விரு பொருளும் ஒன்றாய்க் கூடும் இடம் 139ஆம் சங்கீதம். இருபத்து நான்கு வசனங்கள் கொண்ட அப்பாடலின் பெரும்பகுதி, இறைவன் மனிதனை முற்றாக அறிந்திருக்கிறார் என்னும் வியப்பாகும். உட்காருவதும் எழுவதும் அவர் அறிவார். வானில் ஏறினும் பாதாளத்தில் இறங்கினும் அவர் அங்கிருப்பார். கருவறையின் இருளில் உடல் உருவானபோதும் அவர் கண்டார். இவ்வாறு கனிந்து செல்லும் பாடல், பத்தொன்பதாம் வசனத்தில் திடீரெனக் குமுறுகிறது. கொலைபாதகர் அழியவேண்டும், கடவுளைப் பகைப்போர் தனக்கும் பகைவரே, அவர்கள்பால் தான் கொண்ட வெறுப்பில் குறைவில்லை என்கிறான் பாடியவன். நான்கு வசனங்களில் இக்குமுறல் அடங்கிவிடுகிறது. அடுத்த இரு வசனங்களோ அனைத்தினும் வியப்பானவை. தன் உள்ளத்தைச் சோதித்து, தன்னிடம் தீய வழி ஏதும் உண்டோ என்று பார்த்து, நல்வழியிற் கொண்டுசெல்லுமாறு அவன் கடவுளை வேண்டுகிறான்.

மேற்கூறிய திருப்புகழ்மாலையில் இப்பாடலின் குமுறும் நான்கு வசனங்கள் விடப்பட்டுள்ளன. ஆனால் அவற்றை நீக்கிவிட்டால், இறுதி வேண்டுதலின் கூர்மையும் மழுங்கிவிடுகிறது. பிறரை வெறுத்துரைத்த வாயே, அந்த மூச்சு அடங்குமுன் தன்னையும் விசாரணைக்கு ஒப்புக்கொடுக்கிறது என்பதில்தான் இப்பாடலின் அறம் அடங்கியிருக்கிறது. சினத்தை மறைக்காமல் சொல். சொன்னபின் அச்சினமும் தூயதுதானா என்று சோதிக்க இடங்கொடு. இதுவே அதன் போதனை.

இப்பாடலை வைத்து அறச்சினத்திற்கு மூன்று உரைகற்கள் கூறலாம். முதலாவது, சினம் எதன்பொருட்டு எழுகிறது என்பது. சங்கீதக்காரன் இங்கே தன் பெருமைக்கு நேர்ந்த இழுக்கைச் சொல்லவில்லை. இரத்தம் சிந்துவோரையும், கடவுளின் பெயரைத் தீய நோக்கத்திற்குப் பயன்படுத்துவோரையுமே அவன் குறிக்கிறான். இரண்டாவது, தண்டனை யாருடைய கையில் விடப்படுகிறது என்பது. பாடல் முழுவதிலும் அவன் வாளை எடுக்கவில்லை. கடவுள் செய்யவேண்டும் என்கிறானேயன்றித் தான் செய்வேன் என்று சொல்லவில்லை. மூன்றாவது, சினந்தவன் தன்னையும் அதே தராசில் நிறுக்க ஒப்புகிறானா என்பது. இம்மூன்றில் ஒன்று குறையினும் அறச்சினம் வெறும் வன்மமாகத் திரிந்துவிடும்.

இரண்டாம் உரைகல்லைத் தமிழ் மக்கள் எளிதில் உணர்வர். அநீதிக்கு ஆளாகி, கேட்பாரற்ற ஏழைப் பெண், கோயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றி, அம்மா நீயே கேள் என்று முறையிடுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். நீதிமன்றம் ஏற வசதியும் அதிகாரியிடம் பேச மொழியும் இல்லாதவருக்கு அதுவே இறுதி நீதிமன்றம். வழக்கைத் தெய்வத்திடம் கொடுத்துவிட்டு அவள் வீடு திரும்புகிறாள். எதிரியின் வீட்டுக்குத் தீ வைக்கச் செல்லவில்லை. 109ஆம் சங்கீதத்தின் சாபங்களையும் 137ஆம் சங்கீதத்தின் கொடுஞ்சொல்லையும் இவ்வாறே கேட்கவேண்டும். எருசலேம் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியரால் அழிக்கப்பட்டது. சிறைப்பட்டுச் சென்றவர் கையில் படையில்லை, அரசில்லை, யாழ்கூட மரத்தில் தொங்கியது. அவர்களிடம் எஞ்சியிருந்தது சொல் ஒன்றே. அச்சொல்லை அவர்கள் கடவுளின் காதிலே போட்டனர். அதனைப் பின்பற்றவேண்டிய கட்டளையாக நூல் வைக்கவில்லை. புண்பட்ட மனிதன் இறைவன் முன் எதையும் மறைக்கவேண்டியதில்லை என்பதற்குச் சான்றாகவே வைத்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இதனை ஆழ்ந்து சிந்தித்தவர் இருவரைக் குறிப்பிடுதல் தகும். ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், 1958இல் சங்கீதங்களைப் பற்றி வெளியிட்ட நூலில், இச்சாபங்களின் கொடுமையை மறுக்கவில்லை. ஆயினும், அநீதி கண்டும் சினம் எழாதிருப்பது சில வேளைகளில் அதனினும் கேடான நோயின் அறிகுறியாகலாம் என்று அவர் கருதினார். ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோபர், நாத்சி ஆட்சியின் நடுவே, 1940இல், சங்கீதங்களை விவிலியத்தின் செபநூல் என விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். பழிவாங்கலைக் கடவுளிடம் ஒப்படைப்பவன், தன் கையாற் பழிவாங்குவதைத் துறக்கிறான் என்பதும், கடவுளின் தீர்ப்பு இறுதியில் சிலுவையிலே குற்றமற்றவர்மீது விழுந்தது என்பதும் அவர் கண்ட பொருள். அவர் 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். துன்புறாதவர் எழுதிய விளக்கமன்று அது.

சினத்திற்கு எபிரேயர் வழங்கிய சொல்லும் நோக்கத்தக்கது. மூக்கைக் குறிக்கும் அஃப் என்னும் சொல்லே சினத்தையும் குறிக்கும். சினந்தவனின் மூச்சு சூடேறுவதை அது காட்டுகிறது. கடவுளை நீண்ட மூச்சுடையவர் என்று அம்மொழி வருணிக்கும். தமிழ் வேதாகமம் அதனை நீடிய சாந்தம் என்று பெயர்த்தது. அவருக்குச் சினமே இல்லை என்பதன்று. அச்சினம் பொறுத்து, காத்து, காலமறிந்து வருவது என்பதே பொருள். மனிதனுக்கோ அத்துணை நீண்ட மூச்சில்லை. அதனாலேயே பவுல் அடிகள், நான்காம் சங்கீதத்தின் அடியொன்றை எடுத்துக்காட்டி, சினம் எழலாம், பாவம் கூடாது என்று கூறி, பொழுது சாயுமுன் அதனை விட்டுவிடவேண்டும் என்று எல்லையும் வகுத்தார். சினம் வழிப்போக்கனாக வந்து செல்லலாம்; லயத்தில் நிரந்தரக் குடியாக அதற்கு இடமளித்தல் ஆகாது.

இனி முதலாம் உரைகல்லைச் சற்று நெருங்கிப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் தவறு நேர்வது பெரும்பாலும் அங்கேதான். என் பகைவன் கடவுளுக்கும் பகைவன் என்று கூறிக்கொள்வது மிக எளிது. 1981இலும் 1983இலும் லயங்களுக்குத் தீ வைத்தோரிற் சிலரும் தாம் ஏதோ புனிதமானதைக் காப்பதாகவே எண்ணியிருக்கக்கூடும். சங்கீதக்காரன் பழிப்பது ஓர் இனத்தையன்று, ஒரு மொழியினரையன்று; செயலையும் அச்செயலைச் செய்வோரையுமே. அதே வன்செயல் நாள்களில், அயலவரான சிங்கள மக்கள் பலர், தம் உயிருக்கு நேரும் ஆபத்தையும் பொருட்படுத்தாது தமிழ்க் குடும்பங்களை வீட்டில் மறைத்துக் காத்தனர். பொதுவெறுப்பு இவர்களையும் தீ வைத்தவர்களையும் ஒரே தட்டில் வைத்துவிடும். கண்ணகியின் நெருப்புக்கு எல்லை இருந்தது. பொதுவெறுப்புக்கு எல்லை இல்லை. எல்லை காக்கத் தெரியாத சினம் அறத்தின் பெயரைச் சூடிக்கொள்ளத் தகுதியற்றது.

அறச்சினம் செபத்தோடு நின்றுவிடுவதா என்று கேட்கலாம். சங்கீதங்களே அதற்கு விடை கூறுகின்றன. 82ஆம் சங்கீதத்தில் கடவுள் நீதிபதிகளின் நடுவே எழுந்து நின்று, ஏழைக்கும் திக்கற்றவனுக்கும் நியாயம் செய்யுமாறு அவர்களைக் கடிந்துகொள்கிறார். 62ஆம் சங்கீதம் மனிதரைத் தராசில் வைத்து, உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் மூச்சுக்காற்றினும் இலேசானவர் என்று நிறுத்துக் காட்டிவிட்டு, பறித்துச் சேர்த்த பொருளை நம்பவேண்டாம் என்கிறது. கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நாள்தோறும் நிற்பவர்களுக்கு இவ்வுவமை புதிதாக இராது. கூலியைக் குறைத்தவனும் கூலி குறைந்தவனும் வேறொரு தராசின் முன் நிற்கவேண்டிய நாள் உண்டு என்பது ஒருவனுக்கு ஆறுதல், மற்றவனுக்கு எச்சரிக்கை.

செயலாக மாறிய அறச்சினத்திற்கு மலையக வரலாற்றிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. வாக்குரிமை பறிபோனதை எதிர்த்து 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகம் அவற்றுள் ஒன்று. அங்கே சினம் இருந்தது. கல்லும் தடியும் இல்லை. இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் அடிகளார், 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவி, 2017இல் மறையும்வரை தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகக் குரல் கொடுத்துவந்தார். அவர் லயத்தில் பிறந்தவரல்லர். பிறருக்கு நேர்ந்த அநீதியைத் தமக்கு நேர்ந்ததாகக் கருதினார். தன் பொருட்டு எழும் சினத்தைவிடப் பிறர் பொருட்டு எழும் சினமே முதலாம் உரைகல்லில் தெளிவாக ஒளிரும். நாடற்றோர் என்னும் பழிச்சொல், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலேயே பெரும்பாலும் துடைக்கப்பட்டது. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள். நீண்ட மூச்சு தேவைப்பட்ட வழக்கு அது.

அவ்வாறாயின் மன்னிப்புக்கு இடம் எங்கே? கிறிஸ்தவ மறை இவ்விடத்தில் தன் கோரிக்கையைக் குறைத்துக்கொள்வதில்லை. சிலுவையிற் தொங்கிய இயேசு, கைவிடப்பட்டவனின் ஓலமாகிய 22ஆம் சங்கீதத்தைத் தம் வாயாற் கூறினார். தம்மை அறைந்தவர்களை மன்னிக்குமாறும் வேண்டினார். அந்த ஓலம் அந்த மன்னிப்பைப் பொய்யாக்கவில்லை; அந்த மன்னிப்பு அந்த ஓலத்தை அடக்கவுமில்லை. இன்னது நிகழ்ந்தது, அது தீது என்று வாய்விட்டுச் சொன்னபின் வருவதே மன்னிப்பு. புண்பட்டவனைப் பேசவிடாது, மறந்துவிடு என்று தட்டிக்கொடுப்பது சமாதானம் ஆகாது. அது தீமை செய்தவனுக்குச் செய்யும் உதவி மட்டுமே.

நிவித்திகலையின் மாணிக்கக் குழிகளில், ஆழத்திலுள்ள இல்லம் எனும் கல்மண்ணை அள்ளி, கூடையில் இட்டு, நீரில் அலசி அலசி ஒதுக்குவர். சேறெல்லாம் போனபின்னரே மணி இருந்தால் கண்ணுக்குத் தெரியும். சினமும் அவ்வாறே நெஞ்சின் ஆழத்தில் சேறோடு கலந்து கிடப்பது. அதனைக் குழியிலேயே மூடிவிடச் சொல்வோரும் உளர். சேற்றோடு வாரிப் பிறர்மேல் எறிவோரும் உளர். சங்கீதங்கள் காட்டும் வழி மூன்றாவது. அள்ளியதை அள்ளியபடியே இறைவன் முன் கொண்டுவந்து, அவர் கையில் அலசக் கொடுப்பதே அவ்வழி. பழியும் பொறாமையும் தன்முனைப்பும் கரைந்தோடியபின் அங்கே எஞ்சியிருப்பது நீதியின்மேல் உள்ள வேட்கையானால், அதனை ஆலயத்திலும் வீட்டிலும் வேலைத்தளத்திலும் அச்சமின்றி வைத்துக்கொள்ளலாம்.